தெள்ளக்கா கையெழுத்துப் போடவில்லை

தண்ணீரில் வாழும் தெள்ளுப்பூச்சி பிறந்த அன்று கடுகில் பாதிகூட இருக்காது. கண்ணாடி போன்ற உடம்பு. விளக்கின்மேல் வைத்துப் பார்த்தால் உள்ளே இதயம் படபடவென்று அடிப்பது தெரியும். குளத்து மீன்குஞ்சுகள் இதைத் தின்றுதான் வளர்கின்றன. அதனால் ஒரு ரசாயனம் தண்ணீருக்குக் கெடுதலா என்று தெரிந்துகொள்ள முதலில் இந்தப் பூச்சியைத்தான் கேட்பார்கள். அது சொல்லும் பதிலை எண்ணி எழுத எங்கள் ஆய்வகத்தில் ஒருத்திதான் இருந்தாள். நாற்பத்தாறு வயது. எல்லோருக்கும் அவள் தெள்ளக்கா.

நான் அங்கே ரிப்போர்ட் டைப் அடிக்கிறவள். மேனேஜரின் அறையிலேயே என் மேசை. ஆகவே நடந்த சண்டையில் ஒரு வார்த்தை சிந்தாமல் என் காதில் விழுந்தது.

பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் அக்கா பீக்கர் கழுவும் வேலைக்குத்தான் வந்தாள். பள்ளிப் படிப்பு மட்டும். அப்போது பூச்சி வளர்த்தவர் பெரிய படிப்பு படித்தவர். ஆனால் அவருடைய பூச்சிகள் பத்து நாளைக்கு ஒருமுறை கூண்டோடு செத்தன. தண்ணீரை மாற்றினார், தீனியை மாற்றினார், சன்னலுக்குத் திரை போட்டார். ஒருநாள் அக்கா அவரிடம் போய், "சார், சோப்பு போறதுக்குள்ள பீக்கரைப் பிடுங்கிட்டுப் போயிடறீங்க. இன்னும் ரெண்டு தடவை அலச விடுங்க" என்றாள். அலச விட்டார். பூச்சிகள் பிழைத்துக்கொண்டன. அவர் வேறு வேலைக்குப் போனபோது ஜாடிகள் அக்காவின் கைக்கு வந்தன.

எண்ணியதைத்தான் எழுதுவாள். "பதினெட்டை இருபதுன்னு போட்டா என்ன குறைஞ்சிடும்?" என்று யாராவது கேட்டால், "அந்த ரெண்டு பூச்சியோட அம்மாவுக்கு யார் பதில் சொல்றது?" என்பாள். அவள் சிரிக்காமல் சொல்வாள். நாங்கள்தான் சிரிப்போம்.

அந்த வருஷம் ஒரு பசைத் தொழிற்சாலை தன் கரைப்பானை எங்களிடம் அனுப்பியது. பசையை இளக்க அவர்கள் ஊற்றும் திரவம் அது. கரியும் ஹைட்ரஜனும் சேர்ந்தது, வேறொன்றும் இல்லை. பெட்ரோலுக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று எங்கள் கெமிஸ்ட் சொல்வார். தண்ணீரில் கொஞ்சம்தான் கரையும், மிச்சம் மேலே மிதக்கும், காற்றுப் பட்டால் பறந்துவிடும். பாத்திரங்களைக் கழுவிய தண்ணீரோடு அது வாய்க்கால் வழியாக ஆற்றுக்குப் போய்க்கொண்டிருந்தது. நீர்வாழ் உயிர்களுக்குக் கெடுதல் இல்லை என்று ஒரு காகிதம் அவர்களுக்கு வேண்டியிருந்தது.

அக்கா வழக்கம்போலச் செய்தாள். ஐந்து அளவுகளில் கரைசல். அளவுக்கு நான்கு பீக்கர், பீக்கருக்கு ஐந்து குஞ்சுகள். நாற்பத்தெட்டு மணி நேரம் கழித்துப் பீக்கரை லேசாகச் சுழற்றிப் பார்க்க வேண்டும். பதினைந்து விநாடிக்குள் நீந்தினால் பிழைத்த கணக்கு. அத்தனையும் நீந்தின. அதிகபட்ச அளவிலும் இருபதுக்கு இருபது.

மேனேஜருக்கு வாயெல்லாம் பல். "டைப் பண்ணும்மா. பாதிப்பு எதுவும் இல்லை." நானும் அடித்தேன்.

அக்கா பதிவேட்டோடு உள்ளே வந்தாள். கையெழுத்துப் போட வேண்டிய இடம் காலியாக இருந்தது.

"சார், முதல் நாள் கலக்கும்போது தலை கிறுகிறுங்குது, அவ்வளவு வாடை. மறுநாள் காலையில மோந்து பார்த்தேன். வெறும் தண்ணி. மருந்து எங்க போச்சு?"

"ஆவியாப் போயிருக்கும்."

"அப்ப பூச்சி எதுல நீந்துச்சு?"

மேனேஜர் பேனாவை நீட்டினார். அக்கா வாங்கவில்லை. "ரெண்டு நாள் கொடுங்க சார்" என்று போய்விட்டாள்.

முதலில் கெமிஸ்டிடம் அந்தப் பீக்கர் தண்ணீரை அளக்கச் சொன்னாள். அவர் கருவியில் போட்டுப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமே இல்லக்கா. ஆனா நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க" என்றார். பிறகு அக்கா மூடியுள்ள கண்ணாடி பாட்டில்களை எடுத்தாள். கரைசலைக் கழுத்து வரை வழிய வழிய ஊற்றி, குஞ்சுகளை விட்டு, ஒரு காற்றுக் குமிழிகூட இல்லாமல் மூடினாள். மருந்தே கலக்காத தண்ணீரையும் அப்படியே நான்கு பாட்டிலில் மூடி வைத்தாள். இரண்டு நாள் கழித்து, நடு அளவிலேயே இருபதில் பதினாறு பூச்சி அடியில் கிடந்தது. அதற்கு மேல் போன அளவுகளில் ஒன்றுகூட அசையவில்லை.

அதைப் பதிவேட்டில் எழுதிக்கொண்டு வந்து மேனேஜர் முன் வைத்தாள்.

"மூடி வச்சா மூச்சு முட்டித்தான் சாகும். இது என்ன கண்டுபிடிப்பா?" என்றார்.

"மருந்தில்லாத பாட்டிலும் மூடித்தான் சார் இருந்துச்சு. அதுல இருபதும் துள்ளுது. வந்து பாருங்க."

அவர் எழுந்து பார்க்கவில்லை. நாற்காலியில் சாய்ந்தார். அவர் ஒன்றும் முட்டாள் இல்லை. "சரி, ஒண்ணு கேக்குறேன். ஆத்துக்கு மூடி போட்டிருக்காங்களா? திறந்துதானே கிடக்கு? பீக்கர்ல பறந்தது ஆத்துலயும் பறந்துடும். அப்ப எது நிஜம்? உங்க பாட்டிலா, பீக்கரா?"

அக்கா பதிவேட்டை மூடி எடுத்துக்கொண்டு போனாள். அன்றைக்கு அவள் முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. தோற்றுவிட்டாள் என்றே நினைத்தேன்.

அக்காவின் வீட்டுக்காரர் பிளம்பர். ஊரின் குழாய்கள் அவருக்கு உள்ளங்கை ரேகை மாதிரி. சாயங்காலம் அக்கா நடந்ததைச் சொன்னதும் அவர், "ஆறு திறந்துதான் கிடக்கு, வாஸ்தவம். ஆனா அவங்க தண்ணி குதிச்சா ஆத்துக்குப் போவுது?" என்றாராம்.

"அப்புறம்?"

"ஃபேக்டரி கேட்லேர்ந்து கடைத்தெரு, பள்ளிக்கூடம், பட்டறை எல்லாத்துக்கும் அடியில பூரா கான்கிரீட் பலகை போட்டு மூடின வாய்க்கால். மூணு கிலோமீட்டர். காத்து நுழைய வழியில்ல. உங்க மேனேஜர் கேட்ட மூடி அங்க இருக்கு, போ."

ஞாயிற்றுக்கிழமை இருவரும் பலகைகளின்மேல் நடந்தே போனார்கள். அவர் முன்னால் கடப்பாறையைத் தட்டிக்கொண்டு, அவள் பின்னால் நான்கு பாட்டில்களும் குறிப்பு நோட்டும் வைத்துக்கொண்டு. எங்கே திருப்பம், எங்கே பலகை உடைந்திருக்கிறது, எல்லாம் எழுதிக்கொண்டாள். மூடிய வாய்க்கால் ஆற்றில் திறக்கும் இடத்தில் ஆய்வகத்தில் மோந்த அதே வாடை. தண்ணீரின்மேல் வானவில் மாதிரி ஒரு ஆடை. முழங்கால் ஆழம், அடித்தரை தெளிவாகத் தெரிகிறது. பாசியில்லை, தலைப்பிரட்டையில்லை, ஒரு புழுகூட இல்லை. இருபதடி தள்ளி மேல்பக்கத்தில் மீன்குஞ்சுகள் கூட்டமாக மேய்ந்துகொண்டிருந்தன. அவை இந்தப் பக்கம் வரவே இல்லை. அக்கா புடவையைச் செருகிக்கொண்டு இறங்கினாள். பாட்டில்களை நீருக்குள் அமிழ்த்தி, உள்ளேயே மூடியைத் திருகினாள்.

திங்கட்கிழமை அந்தத் தண்ணீரில் இருபது குஞ்சுகளை விட்டு மூடினாள். மறுநாளே பதினேழு அசைவற்றுக் கிடந்தன. கெமிஸ்ட் அளந்தார். அதே கரைப்பான். இந்த முறை "சொல்லிடாதீங்க" என்று அவர் சொல்லவில்லை. ஆனால் எழுதித் தரவும் இல்லை.

மேனேஜர் அறையில் அக்கா உட்காரச் சொல்லும் முன்பே உட்கார்ந்தாள். பத்தொன்பது வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

"வாய்க்காலுக்கு மூடி இருக்கு சார். நடந்து பார்த்துட்டு வந்தேன்."

அவர் நோட்டைப் புரட்டினார். முகம் இறுகியது. "உங்களை யாரு அங்க போகச் சொன்னது? நம்ம வேலை வந்த சாம்பிளைப் பாக்குறது. ஊர் சாக்கடையை இல்ல. இந்தத் தாள்ல கையெழுத்துப் போடுங்க. எண்ணினது நீங்கதானே? இருபதும் உயிரோட இருந்தது பொய்யா?"

"பொய் இல்ல சார். வெறும் தண்ணியில பூச்சி பிழைச்சதுக்குக் கையெழுத்து வேணும்னா போடுறேன். 'மருந்து பறந்து போனப்புறம் எண்ணியது'ன்னு மேல எழுதிட்டுப் போடுறேன். அதை எழுதாம என் பேரு அங்க விழாது."

"சூப்பர்வைசர் வேலைக்கு உங்களைத்தான் எழுதியிருக்கேன். மறந்துடாதீங்க."

"என் பேரை அடிச்சுடுங்க சார். பேனா கையிலதானே இருக்கு."

என் விரல்கள் தட்டச்சு விசைகளின் மேலேயே நின்றுவிட்டன.

மேனேஜர் தானே கையெழுத்திட்டு அறிக்கையை அனுப்பினார். நான் அடித்துக் கொடுத்த அதே அறிக்கை. அக்கா மறுபடி கழுவும் அறைக்குப் போனாள். ஜாடிகளை வேறொருவரிடம் கொடுத்தார்கள். அவள் அழுவாள், மன்னிப்புக் கேட்பாள் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். பீக்கர்களைக் கழுவிக்கொண்டே போகிற வருகிறவர்களிடமெல்லாம், "வாய்க்காலுக்கு மூடி இருக்கு, தெரியுமா?" என்று கேட்டாள். டீ கொண்டு வருகிறவரிடம்கூடச் சொன்னாள். அவர் மற்ற அலுவலகங்களிலும் சொல்லிவிட்டார்.

ஆறு வாரம் கழித்து, எங்கள் ஆய்வகத்துக்கு அங்கீகாரம் தரும் இடத்திலிருந்து வருடாந்தரச் சோதனைக்கு ஒரு அம்மா வந்தார். அழகான அறிக்கைகளை அவர் தொடவில்லை. பதிவேட்டைக் கேட்டார். எங்கள் பதிவேடு பக்க எண் அச்சிட்டுத் தைத்தது. கிழித்தால் காட்டிக் கொடுத்துவிடும். அக்காவின் பக்கங்களில் அவருடைய விரல் நின்றது.

"இது என்ன? அறிக்கையில இல்லையே?"

"அது அவங்க தன் இஷ்டத்துக்குப் பண்ணிப் பார்த்தது மேடம்" என்றார் மேனேஜர்.

அக்காவைக் கூப்பிட்டார்கள். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "இஷ்டத்துக்கு இல்லீங்கம்மா. பறந்து போற பொருள்னா மூடின பாத்திரத்துலதான் பாக்கணும்னு நம்ம கையேட்டுலயே இருக்கு. அலமாரியில ரெண்டாவது தட்டு, நீல அட்டை. யாரும் எடுக்கறதில்ல, தூசி மட்டும் நான் தட்டுவேன். போன வாரம் தட்டறப்பதான் இது கண்ணுல பட்டுச்சு."

அந்த அம்மா கையேட்டைக் கொண்டுவரச் சொல்லிப் படித்தார். பிறகு கெமிஸ்டைப் பார்த்து, "அளந்தீங்களா?" என்று கேட்டார். கெமிஸ்ட் மேனேஜரைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், கடைசியில் அக்காவைப் பார்த்தார். "அளந்தேன் மேடம். திறந்த பீக்கர்ல பூஜ்யம். வாய்க்கால் தண்ணியில இருந்துச்சு" என்றார்.

பழைய அறிக்கையைத் திரும்பப் பெற்றார்கள். மூடிய பாட்டில்களில் எல்லாவற்றையும் மறுபடி செய்தார்கள். அக்கா எண்ணினாள், கையெழுத்திட்டாள். புது அறிக்கையை அடிக்கும்போது 'பாதிப்பு எதுவும் இல்லை' என்று முன்பு நான் அடித்த வரியை நானே நீக்கினேன். அந்தச் சுகத்தை எப்படிச் சொல்வது!

சூப்பர்வைசர் வேலை அக்காவுக்கு வரவில்லை. ஜாடிகள் மட்டும் திரும்பி வந்தன. தொழிற்சாலைக்காரர்கள் கோபித்துக்கொண்டு அடுத்த சாம்பிளை வேறொரு ஆய்வகத்துக்கு எடுத்துப் போனார்கள். அந்த ஆய்வகத்தில் பூச்சியெல்லாம் செத்திருந்த நேரம். உயிருள்ள பூச்சி ஒரு ஜாடி தர முடியுமா என்று எங்களுக்கே போன் செய்தார்கள். மேனேஜர் மறுக்கச் சொன்னார். அக்கா, "பூச்சி என்ன பாவம் பண்ணுச்சு?" என்று கொடுத்தனுப்பினாள். ஜாடியில் கொட்டை எழுத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தாள்: 'வழிய ஊற்றவும். குமிழி இல்லாமல் மூடவும். ஏமாற்றினால் கண்டுபிடித்துவிடுவேன்.'

போன மாதம் அவளுடைய வீட்டுக்காரர் பட்டறைப் பக்கம் வேலைக்குப் போய்விட்டு வந்தார். தொழிற்சாலைக்குள் கரைப்பானைப் பிரித்தெடுக்க ஒரு தொட்டி கட்டுகிறார்களாம். "வாய்க்கால் வாயில வாடை முன்ன மாதிரி இல்ல, ரொம்பக் குறைஞ்சிருக்கு" என்றாராம்.

"குறைஞ்சிருக்குன்னா எவ்வளவு?" என்று அக்கா கேட்டிருக்கிறாள். "மூக்கால எல்லாம் அளக்காதீங்க. ஞாயித்துக்கிழமை பாட்டிலோட போவோம்."