டாக்டர் மாமாதான் கொலைகாரன்

எங்கள் வாசிப்பு வட்டம் இந்த மாதம் தெரிவு செய்த துப்பறியும் நாவல், சென்னப்பட்டணத்திலிருந்து ஒரே ஒரு பிரதிதான் வந்தது. கைமாற்றிக் கைமாற்றித்தான் வாசிக்கிறோம். எல்லாரும் முடிக்கும்வரை முடிவைப் பற்றி வாய் திறக்கக் கூடாது என்று சட்டம் போட்டவனே நான்தான்.

இன்று பேராதனையிலிருந்து பஸ்ஸில் வரும்போது, வட்டத்தில் சேராத நண்பன் கந்தையா கதையைக் கேட்டான். உற்சாகத்தில் சத்தமாகச் சொல்லிவிட்டேன்: "கொலை செய்தது வேலைக்காரன் இல்லையடா, அந்த டாக்டர் மாமாதான்!"

முன் ஆசனத்தில் ஒரு தொப்பி திரும்பியது. புடவைக்கடை காதர் நானா. வட்டத்தில் கடைசியாக வாசிப்பவர். மடியில் அதே புத்தகம்.

"மாஸ்டர், இப்பதானே நாலு பக்கம் வாசிச்சேன்," என்றார். முகம் வாடிப்போயிற்று.

"ஐயோ நானா, நான் சொன்னது வேற புத்தகம்!"

"அல்ஹம்துலில்லாஹ்!" என்று சிரித்தபடி மறுபடியும் புத்தகத்தைத் திறந்தார். அப்படியே நம்பிவிட்டார். அதைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியாமல், கண்டி வருமுன்பே இறங்கி நடந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் அவர் வீட்டில். அதற்குள் கடைசிப் பக்கத்தை எட்டிவிடுவார். எனக்கென்றே இனிப்பாக வட்டிலாப்பம் செய்யச் சொல்லியிருக்கிறாராம்.

என் பங்கு யாருக்கு வேண்டும்?