பிப்ரவரியில் ஏற்றிய கொடி

என் கணவரிடம் இருப்பது சிவப்பு ஐ.சி. அடையாள அட்டை என்பது அவர் பெண் பார்க்க வந்த அன்றே எங்கள் வீட்டுக்குத் தெரியும். செலண்டார் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர். பிறந்ததை யாரும் போய்ப் பதியவில்லை. பதிய வேண்டும் என்று வீட்டாருக்குத் தோன்றியபோது அவருக்குப் பள்ளிக்கூட வயதாகிவிட்டது. கடைசியில் கைக்குக் கிடைத்தது நிரந்தரவாசிகளுக்குக் கொடுக்கும் சிவப்பு அட்டைதான். இந்த மலேசியாவில் பிறந்து, இந்த நாட்டைவிட்டு ஒரு நாளும் வெளியே போகாதவர், ஆனால் குடிமகன் இல்லை. அப்பா தயங்கினார்.

"நான் ஐ.சி.யையா கட்டிக்கப் போறேன்?" என்று கேட்டேன். பேச்சு அதோடு முடிந்தது.

டுரியான் துங்காலில் வீடு வாங்கினோம், என் பெயரில். எங்கள் தாமான் குடியிருப்பில் ஆகஸ்ட் பிறந்தால் வீட்டுக்கு வீடு கொடி ஏறும். செப்டம்பரில் மலேசியா தினம் முடிந்ததும் இறங்கும். எங்கள் வீட்டில் அது அவர் வேலை. அவர் வெல்டர். மாடிக் கம்பியில் கொடிக் குழாயை வைத்துக் கட்டி, கீழே இறங்கி, ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கம் போய் நின்று பார்ப்பார். சாய்ந்திருந்தால் மறுபடியும் ஏறுவார்.

ஓர் ஆகஸ்டில் என் அண்ணன் வந்திருந்தபோது, ஏணியைப் பிடித்துக்கொண்டே கேட்டுவிட்டார்.

"மாப்ள, ஓட்டு கிடையாது, பாஸ்போர்ட் கிடையாது. கொடி மட்டும் எதுக்குலா?"

என் கணவர் மேலே கம்பியை முறுக்கிக்கொண்டே இருந்தார். நான்தான் சொன்னேன்: "எங்க வீட்டுக் கொடிண்ணே. எங்க வீட்ல அவர்தான் ஏத்துவாரு."

குடியுரிமைக்கு இரண்டு முறை விண்ணப்பித்து இரண்டு முறையும் மறுப்புக் கடிதம் வந்தது. காரணம் எழுதியிருக்கவில்லை. இரண்டாவது கடிதத்தை மடித்து வைத்தவர், இனி இந்தப் பேச்சே வேண்டாம் என்றார். நான் சுங்கை ஊடாங்கில் ஒரு குத்தகை கம்பெனி ஆபீசில் கிராணி, எழுத்து வேலை. நாள் முழுக்க விண்ணப்பப் பாரம் நிரப்புகிறவளுக்கு இன்னொரு பாரம் பெரிய காரியமா? மூன்றாவது முறை நானே உட்கார்ந்து நிரப்பினேன். தோட்டத்து ஆயாக்கொட்டகையில் அவரைக் கைக்குழந்தையாகப் பார்த்துக்கொண்ட ஆயாம்மாவைத் தேடிப் பிடித்தேன். அவர் தம் மகளோடு ஜாசினில் இருந்தார். "தொட்டில்ல போட்டா அழுவான், தோள்ல போட்டாத்தான் தூங்குவான். எங்க வேணாலும் வந்து சொல்றேன்" என்றார். இவர் தோட்டத்தில் பிறந்தவர்தான் என்று வந்து சத்தியம் செய்து கையெழுத்தும் போட்டார்.

நேர்காணலுக்கு நானும் கூடப் போனேன், ஆனால் வெளியேதான் உட்கார வைத்தார்கள். திரும்பி வந்து அவர் சொன்னதுதான் எனக்குத் தெரியும். அதிகாரி மலாயில் சில கேள்விகள் கேட்டுவிட்டு, கொடியில் எத்தனை கோடுகள் என்றாராம். இவர் பதினான்கு என்று நிறுத்தாமல், மேல்கோடு சிவப்பு, கடைசிக் கோடு வெள்ளை, காற்றில்லாத நாளில் துணி குழாயோடு சுற்றிக்கொள்ளும், அதற்குக் கீழ்முனையில் ஒரு முடிச்சுப் போட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே போயிருக்கிறார். அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் காது கொடுத்துக் கேட்டாராம்.

அதன் பிறகு நெடுநாள் எதுவும் வரவில்லை. பிறகு கடிதம் வந்தது. உறுதிமொழி எடுத்து, விரல் ரேகை வைத்து, ஒரு பிப்ரவரி மாதத்து வெயில் நேரத்தில் குடிமக்களுக்கான நீல ஐ.சி.யோடு வீட்டுக்கு வந்தார். சாப்பாட்டு மேசைமேல் அதை வைத்தார். அப்படியே குளிக்கப் போய்விட்டார்.

நான் அலமாரியைத் திறந்து கொடியை எடுத்தேன். ஏணியையும் நானே இழுத்துப் போட்டேன். நான் மேலே ஏறியபோது, இடுப்பில் துண்டோடு ஓடி வந்தார்.

"ஏய், என்ன செய்ற? இது ஆகஸ்டா? யாராச்சும் கேட்டா?"

"கேட்டா சொல்றேன். நீங்க கீழயே நில்லுங்க."

"சாயுது பாரு."

"சாயட்டும்."

மூன்று வீடு தள்ளி இருக்கும், நாங்கள் பாக்சிக் என்று கூப்பிடும் மலாய்க்காரப் பெரியவர் அந்த நேரம் மோட்டார் சைக்கிளில் வந்தார். ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். தாமானில் யார் வீட்டுக் கொடி தலைகீழாக இருந்தாலும் கதவைத் தட்டிச் சொல்கிற ஆள். மோட்டாரை நிறுத்திவிட்டு, இன்றைக்கு என்ன நாள் என்று மலாயில் கேட்டார். என் கணவர் துண்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"இன்னிக்கு இவர் குடிமகன் ஆனாரு பாக்சிக்" என்று நானும் மலாயிலேயே சொன்னேன்.

அவருக்கு உடனே புரியவில்லை. இத்தனை வருடமாக இந்த வீட்டுக் கொடியைப் பார்க்கிறேனே, அப்போதெல்லாம் குடிமகன் இல்லையா என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் பிறகு மோட்டாரை ஸ்டாண்டில் போட்டு, உள்ளே வந்து, இவருடைய ஈரக் கையைத் தம் இரண்டு கைகளாலும் பிடித்து, "தஹ்னியா" என்று வாழ்த்தினார். இவர் உள்ளே போய்விட்டார். குளியலறையில் மறுபடியும் தண்ணீர் ஓடும் சத்தம் வெகுநேரம் கேட்டது. பாக்சிக் காத்திருந்து பார்த்துவிட்டு, கொடிக் குழாய் சாய்ந்திருக்கிறது என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

சாயங்காலம் அண்ணன் குடும்பத்தோடு வந்தார். வாசலில் நின்று கொடியை நிமிர்ந்து பார்த்தார். பழைய பேச்சு அவருக்கும் ஞாபகம் இருந்திருக்க வேண்டும். ஐ.சி.யை வாங்கி முன்னும் பின்னும் திருப்பினார்.

"போட்டோ நல்லா இல்லலா மாப்ள" என்றார். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

மூன்று நாள் பறந்தது. இப்படி ஒரு நாளுக்கு எத்தனை நாள் பறக்கவிட வேண்டும் என்று எங்களுக்குத் தெரியவில்லை. மழை இருட்டியதும் நான் இறக்கினேன்.

இந்த வருடம் ஆகஸ்ட் இரண்டாவது வாரம் ஆகியும் எங்கள் மாடிக் கம்பி காலியாக இருந்தது. "என்னங்க, கொடி?" என்று கேட்டேன்.

சோபாவில் கால் நீட்டிப் படுத்துப் பந்து விளையாட்டுப் பார்த்துக்கொண்டிருந்தவர் தலையைக்கூடத் திருப்பவில்லை.

"போடலாம்லா. என்ன அவசரம்?"

திட்டத்தான் வாயெடுத்தேன். இனி யாருக்கும் எதையும் காட்ட வேண்டியதில்லை என்பதுபோல் அவர் படுத்திருந்த விதத்தைப் பார்த்துவிட்டு, சரி, ஞாயிற்றுக்கிழமை போடட்டும் என்று விட்டுவிட்டேன்.