போட்டோவுக்கு ஒரு சக்கர நாற்காலி

தேவராஜ மார்க்கெட் வாசலில் ஒரு சேவைச் சங்கம், நடக்க முடியாத பெரியவர் ஒருவருக்குச் சக்கர நாற்காலி வழங்குகிறது. பெரியவரோ கொள்ளேகால் பஸ்ஸில் இன்னும் வந்துகொண்டிருக்கிறார். சிறப்பு விருந்தினருக்கு அவசரம். ஆட்டோவுக்காக நிற்கும் என் நரைத்த தாடியைச் செயலாளர் பார்த்துவிடுகிறார்.

"சார், தமிழா? போட்டோவுக்கு ஸ்வல்ப, கொஞ்ச நேரம் உட்காருங்க."

மறுப்பதற்குள் உட்காரவைத்து, மாலை போட்டு, கைதட்டிவிடுகிறார்கள். யாரோ கையில் வாழைப்பழம் திணிக்கிறார். படம் எடுத்ததும் கூச்சம் தாங்காமல் எழுந்து விறுவிறுவென்று நடக்கிறேன்.

பூக்காரம்மா ஒருவர் பின்னாலேயே ஓடி வருகிறார்.

"அண்ணா, உட்கார்ந்ததுமே உங்களுக்கு நடை வந்துடுச்சே. எங்க வீட்டுக்காரரையும் அதுல ஒருதடவை உட்காரவைப்பாங்களா?"

நடந்ததைச் சொல்கிறேன். அவர் முகம் வாடி, பிறகு தெளிகிறது.

"நாற்காலி மட்டும் கேட்டுக் குடுங்கண்ணா, போதும். நடந்தாருன்னா நேரா பாருக்குத்தான் போவாரு."