இலஞ்சித் தொழுவத்தில் மூன்றரை மணி நேரம்

ஆடி மாதத்துச் சனிக்கிழமை. அம்பாசமுத்திரத்தில் ரயிலேறியவன் காலை 7.10க்குத் தென்காசியில் இறங்கினேன். குற்றாலத்தில் மூன்று நாள் குளிப்பதாகத் திட்டம். வழியில் இரண்டு மைலில் இலஞ்சி. விதவைத் தங்கை பகவதியை ஒரு மணி நேரம் பார்த்துவிட்டுப் போகலாமென்று பஸ்ஸுக்குப் பதினைந்து நயா பைசா கொடுத்து அங்கே இறங்கினேன். சாரல் விழுந்துகொண்டிருந்தது.

7.50. அவளுடைய ஒரே பசு தொழுவத்தில் கிடந்தது. தலைச்சன் ஈற்று, ஐந்து மணி முதல் முக்குகிறதாம். நாட்டு மாடு, என் இடுப்பு உயரம்கூட இல்லை. இதற்குச் சிந்தி என்கிற பெரிய செவலை இனக் காளையின் விந்துவை ஊசியாகப் போடலாமென்று அந்த ஊர் அரசாங்கக் கிராமசேவகர் சொன்னபோது, 'தாராளமாகச் செய்' என்று அவளுக்குக் கார்டு எழுதியவன் நான். கன்று பெரிய இனம், தாயோ சிறியது. இதன் பாலை நம்பித்தான் இனி அவள் பிழைப்பு.

8.15. சேவகர் சைக்கிளில் வந்தார். இருபத்தைந்து வயதிருக்கும்.

"மாட்டு டாக்டர் எங்க?" என்றேன்.

"சுரண்டைப் பக்கம் போயிருக்காவ ஐயா. ஆள் விட்டிருக்கேன். வர மத்தியானம் ஆவும்."

"அதுவரைக்கும் தாங்குமா?"

"தெரியலையே."

பொய்யாவது சொல்லியிருக்கலாம்.

வேலியோரம் நின்ற பக்கத்து வீட்டுக்காரர், "ஊசியில பொறக்குத கன்னுக்கு நாக்கு இருக்காதுன்னு அன்னைக்கே சொன்னேன்" என்றார்.

"வெளிய வரட்டும் அண்ணாச்சி, உம்மகிட்டயே பேசச் சொல்லுதேன்" என்று சேவகர் கையில் சோப்புப் போட்டார்.

பகவதி என்னைச் சுவரோரம் இழுத்தாள். "அண்ணே, இந்தப் பக்கத்து வீட்டு அண்ணாச்சி பேச்சுக்குப் பயந்து, ஊசி போட்ட அன்னைக்கு சாயங்காலமே கோயில் காளைகிட்டயும் விட்டுட்டேன். சேவகருக்குத் தெரியாது. அந்தக் கன்னா இருந்தாச் சின்னதா இருக்கும்லா?"

9.05. இரண்டு குளம்புகள் தெரிந்தன. சேவகர் கைகளில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டார். "ஐயா, அது முக்குதப்போ மட்டும் இழுங்க. அது விட்டா நீங்களும் விட்டுரணும்." முப்பத்தொரு தடவை இழுத்தோம். செவலைக் கிடேரிக் கன்று விழுந்தது, மூச்சில்லை. சேவகர் அதன் மூக்கைத் துடைத்து உள்ளே வைக்கோல் நுனியை விட்டார். தும்மியது. பசு எழுந்து நிற்க மேலும் நாற்பது நிமிடம் ஆயிற்று. அதுவரை நான் உட்காரவில்லை.

சேவகர் நோட்டில் 'சிந்திக் கலப்பு, கிடேரி' என்று எழுதினார். அவர் போட்ட ஊசிக்கு முதல் கன்று இது. பகவதி அப்போதுதான் விஷயத்தைச் சொன்னாள். "கோயில் காளையும் செவலைதான் தம்பி."

அவர் கன்றின் நெற்றியையும் காதையும் தடவிப் பார்த்தார். பிறகு அந்த வரியை அடித்தார்.

"யாருக்குத் தெரியப்போவுது, விட்டுரும்" என்றேன்.

"ஊசிக் கன்னு நல்லபடியாப் பொறந்துட்டுன்னு இதை நம்பி இன்னொருத்தர் சின்ன மாட்டுக்கு ஊசி கேட்டா, நான் என்ன ஐயா சொல்லுவேன்?"

11.20. குற்றாலம் பஸ் வந்தது, நான் ஏறவில்லை. எங்கள் ஊரில் என் யோசனை கேட்டு ஊசி போட்ட பசுக்கள் நான்கு, எல்லாம் இதே போலச் சின்ன நாட்டு மாடுகள். ஒன்று கன்று போட ஆவணி முதல் வாரம் நாள். தென்காசிக்கு நடந்து, அடுத்த ரயிலில் திரும்பினேன்.