செவலையின் வயிற்றில் மூன்றே மூன்று தடிப்பு

போன ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் நாயின் வயிற்றில் மூன்றே மூன்று தடிப்புகள்தான் இருந்தன.

சிரிக்காதீர்கள். அதற்கு முந்தின ஞாயிறு, இதே வயிற்றில் அறுபத்து நான்கு! எண்ணிப் பார்த்துத்தான் சொல்கிறேன். எண்ணாமல் எதையும் நம்ப எனக்கு வராது. மூணாறில் தேயிலைப் பாக்டரி ஆபீசில் பெட்டிகளை எண்ணியே தலை நரைத்தவன். இப்போது காந்தலூரில் மகள் வீட்டில் இருக்கிறேன். (எங்கே இருக்கிறது என்று கேட்கும் வாசகர்களுக்கு: புதிதாக வந்திருக்கும் இடுக்கி ஜில்லாவில், மறையூருக்கு மேலே.) இங்கே பெட்டிகள் கிடையாது. அதற்காகச் சும்மா இருக்க முடியுமா?

நாயின் பெயர் செவலை. கோம்பை ஜாதி வேட்டை நாய். சிவந்த உடம்பு, கறுத்த மூஞ்சி. மருமகனின் உருளைக்கிழங்குக் காட்டுக்கு மேலே ஒரு புதர்ச் சரிவு. காட்டுப்பன்றிகள் பகலெல்லாம் அதற்குள் படுத்துக் கிடந்துவிட்டு, இருட்டியதும் இறங்கி வந்து கிழங்கைக் கிளறிவிட்டுப் போகும். விடிந்ததும் புதருக்குள் புகுந்து அவற்றை மலை மேலே விரட்டுவதுதான் செவலையின் உத்தியோகம்.

இரண்டு வருடம் ஒழுங்காகப் பார்த்த உத்தியோகம். இந்த மழை முடிந்ததும் மறுத்துவிட்டது. புதருக்குள் நாலடி போகும்... நிற்கும்... திரும்பி வந்துவிடும்.

"பயந்துருச்சு மாமா," என்றார் மருமகன் முருகேசன். "ஏதோ பன்னி முட்டிருக்கு. இனிமே இது உள்ள போகாது."

"காயம் எங்கே மாப்பிள்ளை? காட்டுங்க."

"மனசுல பட்டிருக்கும்."

நாயின் மனசை நான் எங்கே போய் எண்ணுவது? வயிற்றைத்தான் புரட்டிப் பார்த்தேன். மயிர் அடர்ந்த முதுகில் ஒன்றுமில்லை. மயிர் இல்லாத அடிவயிறு முழுக்கச் சிவந்து தடித்திருந்தது. அன்றைக்குத்தான் அறுபத்து நான்கு.

மருமகனோ அதற்குள் முடிவு கட்டிவிட்டார். கம்பம்மெட்டில் அவருக்குத் தெரிந்த ஏலக்காய் வியாபாரி ஒருவர், சரக்கு வைக்கும் கிட்டங்கிக்குக் காவல் நாய் கேட்டுக்கொண்டிருந்தாராம்.

"சனிக்கிழமை மூணாறு வர்றாரு மாமா. ஞாயித்துக்கிழமை மத்தியானம் ஜீப்புல இங்க வந்து கூட்டிட்டுப் போவாரு. சங்கிலியில கெடந்தாலும் நேரத்துக்குச் சோறு கெடைக்கும்ல?"

சங்கிலியா? ஓடுவதற்கென்றே பிறந்த நாய்க்கா? எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. கையில் ஒரே ஒரு வாரம்!

வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசினேன். செவலை நக்கித் துடைத்துவிட்டது. எஸ்டேட் கம்பவுண்டரிடம் ரோஸ் நிற லோஷன் வாங்கிப் பூசினேன். அதையும் நக்கப் பார்த்தது. உள்ளே போனால் வேறு வினையாகிவிடுமே என்று பயந்து, நானே கழுவிவிட்டேன். பூசுவதில் பயனில்லை. எது கடிக்கிறது என்று பார்க்க வேண்டாமா?

புதன்கிழமை காலை தடியை ஊன்றிக்கொண்டு நானே சரிவுக்கு ஏறினேன். புதரின் ஓரமெல்லாம் வேலி போட்டதுபோல் செந்தட்டி! இந்த வருடம் அதிகமாகப் பெய்த மழைக்குத் தழைத்து, பனியில் நனைந்து, பச்சைப் பசேலென்று நின்றது. புறங்கையால் லேசாகத் தொட்டேன். தீ! சாயங்காலம்வரை எரிந்தது.

செடி என் முழங்கால் உயரம். எனக்கு முழங்கால் — செவலைக்குச் சரியாக வயிறு.

வெட்டி எறிந்தால் என்ன? அது வனத்துறை நிலம். ஓர் இலையைக்கூடத் தொட முடியாது.

அன்று மாலை மகள் செல்வி, நனைந்த பீன்ஸ் கொடிகளுக்குள் காய் பறித்துவிட்டு வந்தாள். இடுப்பைச் சுற்றிப் படங்கு. எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கும் பெண்கள், ஈரச்செடி மேலே உரசாமல் இருக்கக் கட்டிக்கொள்வார்களே, அந்தத் தடித்த கான்வாஸ் துணி. அவிழ்த்து ஆணியில் மாட்டினாள். வெளியே சொட்டச் சொட்ட ஈரம். உள்ளே சேலை காய்ந்திருந்தது.

படங்கைப் பார்த்தேன். செவலையின் வயிற்றைப் பார்த்தேன். மறுபடியும் படங்கைப் பார்த்தேன்...

மறுநாள் மறையூர் டெய்லர் கடையில் நான், நாய், பைக்குள் படங்கு. செல்வியிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பாளா?

"பட்டன் முன்னாடியா சார், பின்னாடியா?" என்றார் டெய்லர்.

"முதுகுப் பக்கம். வயித்துல ஒரு தையல்கூட உரசக் கூடாது."

"காலரு?"

"வேண்டாம்."

"பாக்கெட்டு வைக்கட்டா சார்? சில்லறை போட்டுக்கிடும்."

கடையே சிரித்தது. செவலையும் நானும் சிரிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை புதர் ஓரத்தில் சட்டை ஒத்திகை. செந்தட்டி வயிற்றில் படவே இல்லை. ஆனால் செவலை ஆண் நாய் என்பதை நானும் மறந்துவிட்டேன், டெய்லரும் மறந்துவிட்டார். முதல் மரத்தில் காலைத் தூக்கியதுமே சட்டை நனைந்துபோயிற்று. போதாக்குறைக்கு விளிம்பு உரசி அக்குளில் சிவப்பு.

"ஊர்லயே சட்டை போட்ட நாய் நம்மளதுதான்," என்றார் மருமகன். "வேட்டி எப்ப மாமா?"

சனிக்கிழமை மறுபடியும் மறையூர். பின்பக்கத்தை ஒரு சாண் குறைத்தோம். அக்குளை ஆழமாக வெட்டினோம். விளிம்புக்கெல்லாம் என் பழைய வேட்டியைக் கிழித்து மெத்தென்று வைத்துத் தைத்தோம். பட்டன் போட்டபின் சட்டைக்கு அடியில் இரண்டு விரல் நுழைய வேண்டும், மூன்றாவது நுழையக் கூடாது. அதையும் சோதித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. மத்தியானம் ஜீப் வந்துவிடும். செவலை புதர் ஓரத்தில் போய் நின்றது. திரும்பி என்னைப் பார்த்தது. மருமகன் உதட்டைப் பிதுக்கினார்.

"போடா ராசா!" என்றேன்.

ஒரு காலை வைத்தது. செடி சட்டையில் உரசியது. எரியவில்லை! இன்னொரு கால்... அவ்வளவுதான், வாலைத் தூக்கிக்கொண்டு உள்ளே பாய்ந்தது. குரைப்பு மலையில் மோதித் திரும்பியது. மேல் பக்கத்தில் பன்றிகள் சிதறி ஓடின. பெரியது ஏழு, குட்டிகளை எண்ண முடியவில்லை.

"ஓடுது மாமா! அத்தனையும் ஓடுது!" மருமகன் துண்டைத் தலைக்கு மேலே சுற்றிக்கொண்டு குதித்தார்.

செவலை வந்ததும் முதல் வேலையாகச் சட்டையைக் கழற்றினேன். வயிற்றைப் பச்சைத் தண்ணீரில் கழுவி, ஈரம் போகத் துடைத்து, மல்லாத்தினேன். பழையதெல்லாம் வற்றியிருந்தது. புதிதாக மூன்று. அந்த மூன்றும் அடிவயிற்றின் கடைசியில், குறைத்த சட்டைக்கு வெளியே!

வேட்டை நாய் வளர்ப்பவர்கள் ஒன்றை மட்டும் கவனியுங்கள். ஈரச் சட்டையை நாயின் மேல் விட்டுவைக்காதீர்கள். அதுவே புண்ணாக்கும்.

மத்தியானம் ஜீப் வந்தது. "தப்பா நெனைக்காதீங்கண்ணே, நாயைக் குடுக்க முடியாது. அதுக்கு வேலை இருக்கு," என்றார் மருமகன். வியாபாரி கொடியில் காய்ந்த சட்டையை வெகுநேரம் பார்த்தார். போகும்போது டெய்லர் கடைக்கு வழி கேட்டுக்கொண்டு போனார்!

பள்ளிக்கூடம் போக மறுக்கும் பிள்ளை, வேலைக்கு வர மறுக்கும் ஆள்... பயந்தாங்கொள்ளி, சோம்பேறி என்று எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிடுகிறோம்! எங்கே எரிகிறது என்று பார்த்தோமா?

கொடியில் கிடந்ததைச் செல்வியும் பார்த்துவிட்டாள். "அப்பா! இது எம் படங்குல்ல?"

மறுநாளே புதுப் படங்கு வாங்கிக் கொடுத்தேன், பழையதைவிட இரண்டு முழம் அகலமாக.

"இம்புட்டு அகலம் எதுக்குப்பா?" என்றாள்.

மருமகன் இன்னொரு கோம்பைக் குட்டி தேடுகிறார் என்பதை அவளிடம் இன்னும் சொல்லவில்லை.