எழுந்து கொடுத்த நாற்காலி

காலை பதினொன்று பத்துக்கு நான் முதலில் பார்த்தது, ஒரு நடுவர் தன் நாற்காலியிலிருந்து எழுவதை. திருவனந்தபுரத்தில் மாவட்ட கராத்தே போட்டி. ஜெயிப்பவள் மாநிலத்துக்குப் போவாள். என் மகளுக்கு அந்த வயதுப் பிரிவில் அதுதான் கடைசி வருஷம்.

இறுதி ஆட்டத்தில் அவள் நீலப் பக்கம். சிவப்பில் நின்றவள் அந்த நடுவரிடம் படிக்கிறவள். சொந்த மாணவி ஆடும்போது நடுவர் விலகிக்கொள்ள வேண்டும். அவரும் விலகினார். அந்த இடத்தில் வந்து உட்கார்ந்த இன்னொரு மாஸ்டரின் தோளைத் தட்டித் தமிழில் சொன்னார்: "என் பிள்ளை சிவப்பு. அடுத்தது உன் பிள்ளைக்கு நான் இருக்கேன், கேட்டியா."

ஆட்டம் இரண்டு நிமிடம். புதிதாக உட்கார்ந்தவர் அவ்வளவு நேரமும் மடியில் இருந்த போனை விரலால் தள்ளிக்கொண்டிருந்தார். யாருக்கும் புள்ளி விழாததால் நடுவர்களின் கொடிதான் முடிவு. சிவப்புக்கு மூன்று, நீலத்துக்கு இரண்டு. போனிலிருந்து நிமிர்ந்தவர் தூக்கியது சிவப்பு.

எழுந்து போனவரிடமே போய்க் கேட்டேன். அவர் கோபப்படவில்லை.

"சொந்தக் குட்டி ஆடும்போ நான் உட்காரலையே சார். எழுந்து கொடுத்தேன். அதுதானே மரியாதை?"

பக்கத்தில் நின்ற இரண்டு மாஸ்டர்கள் ஆமோதித்துத் தலையாட்டினார்கள். அவர் கோட்டைச் சரிசெய்துகொண்டு, வாக்குக் கொடுத்த ஆட்டத்துக்கு உட்காரப் போனார்.

என் மகள் முறைப்படி எல்லா நடுவர்களுக்கும் குனிந்து வணங்கினாள். மேசையில் இருந்தவர் மாநிலப் பட்டியலில் சிவப்புப் பெண்ணின் பெயரை எழுதினார்.