மூத்த மகனுக்குரிய பட்டை

அவுஸ்திரேலியாவில், மெல்பேணின் தென்கிழக்கே, ஸ்பிரிங்வேலிலிருந்து பத்து நிமிடத் தூரத்திலிருந்த ஒரு ஷொப்பிங் சென்ரரில் மூன்று வருடம் வேலை செய்தேன். கடை என்று சொல்ல முடியாது. நடைபாதையின் நடுவே ஒரு மேசை, ஒரு கொம்பியூட்டர், ஒரு பிரின்ரர், சுற்றிவரச் சட்டம் போட்ட படங்கள். வருகிறவர்கள் தங்கள் குடும்பப் பெயரைச் சொல்வார்கள். நான் தட்டினால் அந்தப் பெயருக்குரிய கேடயச் சின்னம் திரையில் வரும்: சிவப்பில் சிங்கம், வெள்ளியில் பன்றித் தலை, நீலத்தில் மூன்று பிறை. சிவப்பு போர்வீரனுக்கு, பொன்னிறம் தாராளத்துக்கு, கூரைபோல் மடிந்த கோடு அடைக்கலம் கொடுத்தவனுக்கு என்று அர்த்தம் சொல்லுவேன். அயர்லாந்தை ஒருநாளும் கண்டிராத பெரிய மனிதர்கள் அதைக் கேட்டுக் கண்கலங்குவார்கள்.

முதலாளி எழுபது வயது வெள்ளைக்காரர். "உண்மையில் இது பெயருக்குக் கொடுக்கப்படுவதில்லை. ஒரு ஆளுக்குக் கொடுப்பார்கள், அவருக்குப் பிறகு பிள்ளைகளுக்குப் போகும். அதை வருகிறவர்களிடம் சொல்லிவிடாதே" என்று சேர்ந்த அன்றே சொல்லிவைத்தார்.

எங்கள் ஆட்களின் பெயரைத் தட்டினால் ஒன்றும் வராது. எங்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இருந்ததில்லை. படிவத்தில் அந்தப் பெட்டி இருப்பதால் தகப்பன் பெயரைப் போட்டு நிரப்புகிறோம்.

2012 குளிர்காலத்தில் ஒருவர் செவ்வாய்க்கிழமைகளில் வந்து படங்களுக்கு முன்னால் நிற்கத் தொடங்கினார். முப்பத்தைந்து வயதிருக்கும். நான் ஃபோனில் தமிழில் கதைப்பதைக் கேட்டு ஒருநாள் கிட்ட வந்தார்.

"அக்கா, சிலோனோ?"

"ஓம். நீங்கள்?"

"வன்னி. படகில வந்தனான்."

கோழி வெட்டும் தொழிற்சாலையில் வேலை. செவ்வாய் லீவு. வாடகை வீட்டில் ஹீற்றர் இல்லை, இங்கே சூடாக இருக்கிறது என்று வருகிறாராம். மனைவியும் மகளும் வவுனியாவில். அகதிக் கோரிக்கையை ஒருமுறை நிராகரித்துவிட்டார்கள், மேன்முறையீட்டின் முடிவுக்காகக் காத்திருந்தார். இவற்றையெல்லாம் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு ஒரு படத்தைக் காட்டினார்.

"இதில மேல குறுக்க ஒரு பட்டை, மூண்டு துண்டு தொங்குது. அது என்ன?"

"அது மூத்த மகனுக்குரியது. தகப்பன் உயிரோட இருக்கும்வரைக்கும் மூத்தவர் அந்தப் பட்டையைப் போடுவார். தகப்பன் செத்தால் எடுத்துப்போட்டு, தகப்பன்ர கேடயத்தை அப்பிடியே தனக்கு வைச்சிருப்பார்."

அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "நான் மூத்தவன்" என்றார்.

அடுத்த செவ்வாய் மிச்சத்தைச் சொன்னார். சண்டை முடிந்த நாட்களில் விசாரிக்க வேண்டுமென்று இராணுவத்தினர் அவருடைய தகப்பனைப் பஸ்ஸில் ஏற்றியிருக்கிறார்கள். கால் இயலாத மனிதர். மகன்தான் தூக்கி ஏற்றிவிட்டிருக்கிறார். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை.

"இஞ்ச என்ர கார்ட்டில அப்பான்ர பேர்தான் குடும்பப் பேர். விசாரணைக்குப் போனால் 'மிஸ்ரர்' எண்டு அப்பாவைத்தான் கூப்பிடுவாங்கள். ஒவ்வொருமுறையும் திரும்பிப் பாக்கிறனான், அக்கா."

பெயருக்குச் சின்னம் கிடைக்காதவர்களுக்குப் புதிதாக வரைந்து கொடுக்கும் வசதி எங்களிடம் இருந்தது. "உங்களுக்கு ஒண்டு செய்வமா?" என்று கேட்டேன்.

கதிரையை இழுத்துப் போட்டுத் திரைக்கு முன்னால் உட்கார்ந்தார். முதலில் வருவது எப்போதும் சிங்கம்தான்.

"சிங்கம் வேண்டாம்." கொஞ்சம் பொறுத்து, "புலியும் வேண்டாம். பிறகு அதுக்கு வேற ஒரு விசாரணை வைப்பாங்கள்." இருவரும் சிரித்தோம். "மாடு இருக்கோ? அப்பா மாடு வளர்த்தவர்."

மாட்டுத் தலை இருந்தது. நிறம் கேட்டேன். நீலம் என்றால் உண்மை என்று சொன்னேன்.

"நீலத்தையே போடுங்கோ. நான் சொன்னது உண்மையெண்டு ஒருத்தரும் நம்பேல்லை. இதாவது சொல்லட்டும்."

நீலத்தில் வெள்ளை மாட்டுத் தலை வந்தது. "பட்டை போடவோ?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் என்ன கேட்டேன் என்று உறைத்தது. அவர் முகம் மாறிவிட்டது. போட்டால் தகப்பன் இருக்கிறார். போடாவிட்டால் இல்லை. அதைத் தன் வாயால் சொல்ல வேண்டியிருந்தது.

"யோசிச்சுச் சொல்லுறன் அக்கா. போயிட்டு வாறன்" என்று எழுந்து போனார்.

அடுத்த செவ்வாய் வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. வேலை நாள் மாறியிருக்கும் என்று நினைத்தேன். ஃபோன் நம்பர் வாங்கி வைத்திருக்கலாம். அந்த நேரம் அது தோன்றவில்லை.

மூன்றாவது கிழமை வேறொருவர் வந்தார். ஐம்பது வயது மதிக்கலாம். அதே வீட்டில் இருப்பவர் என்று சொன்னார்.

"மேன்முறையீடும் சரிவரேல்லை, தங்கச்சி. கடிதம் வந்து ரெண்டாம் நாள் அவர் தன்ர உயிரைத் தானே முடிச்சுப்போட்டார்."

பக்கத்தில் ஐஸ்கிரீம் கடையில் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள்.

"வெள்ளிக்கிழமை எரிக்கிறம். மனுசிக்கு இஞ்ச வரேலாது. நீங்கள் ஏதோ கேடயம் செய்யிறியள் எண்டு எங்களுக்குச் சொல்லிக்கொண்டு திரிஞ்சவர். அது முடிஞ்சிருந்தால் பெட்டிக்கு மேல வைப்பம்."

கொம்பியூட்டரில் அவருடைய கோப்பைத் திறந்தேன். விட்ட இடத்திலேயே நின்றது. பட்டையைப் பற்றி வந்தவருக்கு விளங்கப்படுத்தினேன். அவர் வவுனியாவுக்கு ஃபோன் எடுத்து என் கையில் தந்தார்.

எடுத்தது மனைவி. நான் சொன்னதை முழுக்கக் கேட்டாள்.

"போடுங்கோ அக்கா. மாமாக்கு நாங்கள் இன்னும் கிரியை செய்யேல்லை. மாமி ஒவ்வொரு மாசமும் மாமாவைக் காணேல்லையெண்ட பதிவைக் கொண்டு கந்தோர் கந்தோராத் திரியிறா. இவரும் போயிட்டார், மாமாவையும் இல்லையெண்டு நானே சொல்லவோ?"

பட்டையைப் போட்டு அச்சடித்தேன். முதலாளி கடையிலிருந்த சட்டங்களில் பாரமானதை எடுத்துத் தானே பொருத்திக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை மண்டபத்தில் பதினெட்டுப் பேர் இருந்தோம். தொழிற்சாலையிலிருந்து வந்தவர்கள் வேலை உடுப்போடு பின்னால் நின்றார்கள். நடத்திவைத்த வெள்ளைக்காரப் பெண் கடதாசியைப் பார்த்து, "இன்று நாங்கள் மிஸ்ரர்..." என்று தகப்பனின் பெயரைத் தடக்கித் தடக்கி வாசித்தாள். அந்தப் பெயருக்குத்தான் நாங்கள் எல்லோரும் எழுந்து நின்றோம்.

சாம்பலைக் கொண்டுபோக ஆளில்லை. அவருடன் இருந்தவர்கள் நாட்டைவிட்டுப் போனால் திரும்பி வர முடியாது. ஏழு மாதம் அது அவர்களுடைய வீட்டில் சாமித்தட்டுக்குக் கீழே இருந்தது. அடுத்த வருடம் என் தங்கையின் கலியாணத்துக்குப் போனபோது நான் கொண்டுபோனேன். கொழும்பு விமான நிலையத்தில் பையைத் திறக்கச் சொன்ன அதிகாரி, "யார்?" என்று கேட்டான். "தம்பி" என்றேன்.

வவுனியாவில் அது தகரக் கூரை போட்ட ஓர் அறை வீடு. மனைவி இரண்டு கையாலும் வாங்கினாள், அழவில்லை. மகள் கதவுக்குப் பக்கத்தில் நின்று என்னையே பார்த்தாள். மனைவி தேத்தண்ணி தந்துவிட்டு எனக்கு முன்னால் நிலத்தில் உட்கார்ந்தாள்.

"ஃபோனில எங்களோட ரெண்டு நிமிசத்துக்கு மேல கதைக்கமாட்டார். அங்க ஆரோடயும் கதைக்கிறவரோ?"

"என்னோட கொஞ்சம் கதைச்சவர்."

"என்ன கதைச்சவர்?"

"மாமா மாடு வளர்த்ததைப் பற்றி."

அவள் தலையை ஆட்டினாள். "வேற?" என்றாள்.

வேறு அதிகம் இருக்கவில்லை. இரண்டு செவ்வாய்க்கிழமைகள்தான் நாங்கள் பேசியது. அவற்றில் எனக்கு ஞாபகமிருந்த எல்லாவற்றையும், ஹீற்றர் இல்லாத வீட்டைத் தவிர, அவளுக்குச் சொன்னேன்.